ஊருணிக்குத் தில்லியில் ஆணையமா?

கேள்வி: தண்ணீருக்கு, காற்றுக்கு, காட்டுக்கு என்று சட்டம் மேல் சட்டம் போட்டாகிவிட்டது. எங்கள் ஊருணி சாக்கடையாகத்தான் கிடக்கிறது. முழு அதிகாரத்தோடு தேசிய அளவில் புதிய ஆணையம் ஒன்று வந்தால்தான் நாட்டின் சுற்றுச்சூழல் உருப்படும் என்கிறேன். சரிதானே?
– வாசகர், காரைக்குடி வட்டாரம்

பதில்: சரியில்லை. அமைப்புக்கு இங்கே பஞ்சமே இல்லை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இருக்கிறது. மாநில வாரியம் 1982 முதல் இருக்கிறது. சுற்றுச்சூழல் வழக்குகளுக்காக 2010 சட்டத்தால் வந்த தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையிலேயே இருக்கிறது. 1974 நீர்ச் சட்டம் இயற்கையான நீர்நிலையை மட்டுமல்ல, மனிதர் வெட்டியதையும், காய்ந்து கிடக்கும் வாய்க்காலையும் சேர்த்தே சொல்கிறது. செம்புறாங்கல் படி கட்டிய உங்கள் ஊருணியும், அதற்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலும் அதற்குள் அடக்கம்.

இல்லாதது ஆதாரம். முறையாக எடுத்த ஒரு பாட்டில் தண்ணீர்.

புகாரைப் பார்த்துவிட்டு மதியம் பன்னிரண்டு மணிக்கு ஒருவர் வந்து, படித்துறையில் குனிந்து ஒரு பாட்டில் மொண்டுகொண்டு போகிறார் என்று வையுங்கள். பாசி பிடித்த தண்ணீரில் வெயில் நேரத்தில் பாசியே ஆக்ஸிஜனை விட்டுக்கொண்டிருக்கும். அளந்தால் நல்ல தண்ணீர் போலவே காட்டும். இரவெல்லாம் பாசியும் கிருமியும் அந்த ஆக்ஸிஜனைத் தின்றுவிடுவதால், விடியுமுன் அளந்தால்தான் மீன் ஏன் செத்து மிதக்கிறது என்பது தெரியும். கழிவைச் சிதைக்கக் கிருமிகளுக்கு எவ்வளவு ஆக்ஸிஜன் தேவை என்று அளப்பது பி.ஓ.டி. சோதனை. அதற்கான மாதிரியை ஐஸ் பெட்டியில் 4 டிகிரியில் வைத்து, 24 மணி நேரத்துக்குள் சோதனையைத் தொடங்க வேண்டும். ஜீப்பில் வெயிலோடு போனால் கழிவில் ஒரு பகுதி பாட்டிலுக்குள்ளேயே சிதைந்து, கணக்கு குறைத்துக் காட்டும்.

வழக்கையே சாய்ப்பது இன்னொன்று. ஊருணி கெட்டது என்று காட்டினால் போதாது, யார் குழாயால் கெட்டது என்று காட்ட வேண்டும். குழாய் வாயில் எடுக்கும் கழிவுநீர் மாதிரிக்கு நீர்ச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு வழிமுறை வைத்திருக்கிறது. உரியவருக்கு அங்கேயே அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அவர் கேட்டால் அவர் கண்ணெதிரிலேயே மாதிரியை இரண்டாகப் பிரித்து, இரண்டுக்கும் முத்திரை வைத்து, இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். இந்த முறை தவறினால் ஆய்வறிக்கை நீதிமன்றத்தில் சாட்சியமாக ஏறாது. இதைச் செய்ய ஆள் வேண்டாமா? மாநில வாரியங்களின் காலிப் பணியிடங்களைத் தீர்ப்பாயம் பலமுறை கண்டித்தாயிற்று. நிரம்பிய பணியிடங்கள், சில மணி நேரத்தில் எட்டுகிற ஆய்வகம், ஐஸ் பெட்டி: தேசிய அளவில் கேட்க வேண்டியவை இவைதான்.

அடுத்த சிக்கல், ஒரே தண்ணீருக்குப் பல எஜமானர்கள். நிலக் கணக்கு வருவாய்த் துறையிடம். ஊருணிப் பராமரிப்பு ஊராட்சியிடம். கண்மாய் என்றால் 100 ஏக்கர் ஆயக்கட்டுக்கு (பாசன நிலத்துக்கு) உட்பட்டது ஊராட்சி ஒன்றியத்திடம், அதற்கு மேல் நீர்வளத் துறையிடம். தண்ணீரின் தரம் வாரியத்திடம். ஏரி ஆக்கிரமிப்பை அகற்றும் 2007 சட்டம் பொதுப்பணித் துறை வசமிருந்த ஏரி, கண்மாய்களுக்குத்தான். ஊராட்சி ஊருணிக்கு வராது. இவற்றையெல்லாம் ஒரே பதிவேட்டில் கொண்டுவருவது புதிய ஆணையத்தைவிட நூறு மடங்கு உபயோகம்.

இனி உங்கள் ஊருக்கு வருவோம். கூரைத் தண்ணீரும் தெருத் தண்ணீரும் சரிவிலேயே இறங்கி ஊருணி சேரும்படி வாட்டம் பார்த்துப் போட்டவை செட்டிநாட்டுத் தெருக்கள். அந்த மழைநீர் வாய்க்காலில்தான் இன்றைக்குக் குளியலறைக் குழாயையும் செப்டிக் டேங்க் வழிகுழாயையும் இணைக்கிறார்கள். உங்கள் வீட்டுக் குழாய் எங்கே போகிறது என்று முதலில் பாருங்கள். எதிராளி அங்கேயே இருக்கலாம்.

பிறகு கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேடு எனும் நிலக் கணக்கைப் பார்த்து, ஊருணி புறம்போக்கா, அறக்கட்டளைப் பட்டாவா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். மழையே இல்லாத சித்திரையில் வரத்துக்காலை மேலிருந்து கீழே நடந்து பாருங்கள். அப்போது ஓடுகிற தண்ணீர் கழிவாகத்தான் இருக்கும். ஒவ்வொரு குழாயையும் தேதி தெரியப் படமெடுங்கள். மார்ச் 22 கிராம சபை உலகத் தண்ணீர் நாளில்தான் கூடுகிறது. அந்தப் படங்களோடு தீர்மானம் போடுங்கள். வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு எழுதும்போது ‘நடவடிக்கை எடுக்கவும்’ என்று முடிக்காதீர்கள். எந்தக் குழாய், எந்த நேரம், 21-ஆம் பிரிவுப்படி மாதிரி என்று குறிப்பிட்டுக் கேளுங்கள்.

அசையவில்லையா? நீர்ச் சட்டத்தின் 49-ஆம் பிரிவுப்படி வாரியத்துக்கு 60 நாள் அறிவிப்புக் கொடுத்துவிட்டு நீங்களே புகாரோடு நீதிமன்றம் போகலாம். கேட்டால் வாரியம் தன்னிடமுள்ள அறிக்கைகளைத் தர வேண்டும். தீர்ப்பாயம் என்றால் பிரச்சினை எழுந்த ஆறு மாதத்துக்குள் மனு. இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய்.