கூடுதல் திறன் கொண்ட எஞ்சினை, வண்டியோடு வந்த ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் தாங்குமா?

கேள்வி: ஆழ்துளைக் கிணறு அமைக்கும் ரிக் தொழில் செய்கிறேன். பிட், ஹேமர், டீசல் பேரல் ஆகியவற்றை ஏற்றிச் செல்ல இசுஸு வி-கிராஸ் ஆட்டோமேட்டிக் பிக்கப் வைத்திருக்கிறேன். லோடுடன் கொல்லிமலை ஏறும்போது இழுவை போதவில்லை. விபத்தில் நொறுங்கிய ஆட்டோமேட்டிக் டொயோட்டா ஹைலக்ஸ் ஒன்றின் 2.8 லிட்டர் எஞ்சின் விலைக்கு வருகிறது. கோவையில் லேத்தில் கொடுத்து, எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் அடாப்டர் பிளேட் கடைந்து, அந்த எஞ்சினை என் வண்டியின் கியர்பாக்ஸிலேயே பொருத்திவிடலாம் என்கிறார் மெக்கானிக். கியர்பாக்ஸ் தாங்குமா?
– வாசகர், திருச்செங்கோடு

பதில்: சமதளத்தில், லோடு இல்லாமல், நிதானமாக ஓட்டினால் சில காலம் ஓடக்கூடும். லோடுடன் மலை ஏறுவதற்காகவே மாற்றுகிறீர்கள் என்பதால், தாங்காது என்றே சொல்வேன். எஞ்சினுக்கு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்.

கியர்பாக்ஸின் பலத்தைக் குதிரைத்திறனை வைத்து முடிவு செய்ய முடியாது. அதன் உள்தண்டை எஞ்சின் எவ்வளவு பலமாக முறுக்குகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். உங்கள் 1.9 லிட்டர் எஞ்சின் தருவது 360 நியூட்டன் மீட்டர் டார்க் (முறுக்கு விசை); ஆட்டோமேட்டிக் ஹைலக்ஸின் எஞ்சின் தருவது 500. இது ஏறத்தாழ 40 சதவீதம் கூடுதல். போதாததற்கு, எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே இருந்து ஆயில் வழியாக விசையைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர், நின்ற வண்டி கிளம்பும்போது எஞ்சினின் டார்க்கைச் சுமார் இரண்டு மடங்காகப் பெருக்கித் தரும் இயல்புடையது. ஆகவே மேட்டில் நின்று கிளம்பும்போது இன்று 700 அளவில் வாங்கிக்கொள்ளும் கிளச் பிளேட்டுகளும் பிளானட்டரி கியர்களும் நாளை 1,000 வரை வாங்க நேரிடும். தயாரிப்பாளர்கள் சற்றுக் கூடுதல் பலம் வைத்துத்தான் செய்கிறார்கள் என்றாலும், அது கோடை வெயிலுக்கும் தேய்மானத்துக்கும் ஓட்டுபவரின் அவசரத்துக்கும் ஒதுக்கப்பட்டது. அதைப் பெரிய எஞ்சினுக்கு எழுதிக் கொடுத்துவிட்டால் மிச்சம் எதுவும் இராது.

ஆட்டோமேட்டிக் என்றாலே நோஞ்சான் என்று நம் பகுதி லாரிப் பட்டறைகளில் ஒரு பேச்சு உண்டு, அது சரியல்ல. அதே 2.8 லிட்டர் எஞ்சினை மேனுவல் கியர்பாக்ஸுடன் தரும்போது டொயோட்டா 420 நியூட்டன் மீட்டரோடு நிறுத்திக்கொள்கிறது. ஆட்டோமேட்டிக்குக்குத்தான் 500 வரை விடுகிறது. எனவே உங்கள் கியர்பாக்ஸின் குறை அது ஆட்டோமேட்டிக் என்பதல்ல. அது வேறொரு எஞ்சினுக்காக அளவெடுக்கப்பட்டது என்பதுதான்.

பல் உடைந்து போகும் கியர்பாக்ஸ்களைவிடச் சூட்டில் வெந்து போகிறவையே அதிகம். கொல்லிமலைப் பாதையில் காரவள்ளியைத் தாண்டியதும் தொடங்கும் 70 கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி வேகமெடுக்க வழியில்லாததால், கன்வெர்ட்டருக்குள் இருந்து, வழுக்கல் இல்லாமல் எஞ்சினைக் கியர்பாக்ஸோடு நேரடியாகப் பூட்டும் லாக்-அப் கிளச் பெரும்பாலும் பிடிக்காமலே இருக்கும். அப்போது வழுக்கலில் வீணாகும் திறன் முழுவதும் ஆயிலில் சூடாக இறங்குகிறது, அதை ஆற்றுவதற்கு வேண்டிய எதிர்க்காற்றும் அந்த வேகத்தில் கிடைப்பதில்லை. 80 முதல் 95 டிகிரி வரை இருக்க வேண்டிய ஆயில் 120-ஐத் தாண்டினால் வேகமாகக் கெடத் தொடங்கும். கெட்ட ஆயில் பிளேட்டுகளை வழுக்க விடும். வழுக்கல் மேலும் சூடேற்றும். மேனுவல் வண்டியில் கிளச் கருகும் வாடை ஓட்டுநரின் மூக்குக்கு எட்டிவிடும். ஆட்டோமேட்டிக்கில் பிளேட்டுகள் ஆயிலுக்குள் மூழ்கி இருப்பதால், பெரும்பாலும் சேதம் முற்றிய பிறகே தெரியவரும்.

அடாப்டர் பிளேட் கடைவது கோவைக்குப் பெரிய வேலை அல்ல. ஆனால் லேத்தால் தீர்க்க முடியாத சிக்கல் ஒன்று உண்டு. கியர் மாறும் ஒவ்வொரு முறையும் கியர்பாக்ஸின் கம்ப்யூட்டர் எஞ்சின் கம்ப்யூட்டரிடம், "ஒரு கணம் டார்க்கைக் குறை" என்று கேட்கிறது. எஞ்சின் தரும் டார்க் எவ்வளவு என்பதை அறிந்தே ஆயில் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கிறது. இசுஸுவின் கேள்விக்கு டொயோட்டாவிடமிருந்து பதில் வராது. அழுத்தம் போதாமல் முழு டார்க்கில் கியர் மாறினால், எவ்வளவு நல்ல பிளேட்டும் நிலைக்காது.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவின்படி, ஆர்.சி.யில் உள்ள விவரங்களோடு முரண்படும்படி வண்டியை மாற்றக் கூடாது. மீறினால் மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடமுண்டு. விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் கிளெய்மும் சிக்கலாகும்.

உங்களுக்கு அந்த இழுவை உண்மையிலேயே தேவை என்றால், இந்த வண்டியைக் கொடுத்துவிட்டு, எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒன்றுக்கொன்று பொருத்தமாக வந்த பெரிய வண்டியையே வாங்குங்கள். அதுவரை டீசல் பேரலைத் தனி நடையாக ஏற்றுங்கள். வளைவுகளில் கியரை மேனுவல் நிலையில் வைத்து இரண்டாவதிலேயே ஏறுங்கள்.

கேள்வி: எஞ்சினை மாற்றாமல், எஞ்சின் கம்ப்யூட்டரின் மென்பொருளைத் திருத்தி டார்க்கை உயர்த்தும் ரீமேப் மட்டும் செய்தால்?
– வாசகர், சங்ககிரி

பதில்: அளவு சிறியது என்பதைத் தவிர, சிக்கல் அதேதான். டார்க்கை எவ்வளவு உயர்த்துகிறார்கள், கியர் மாறும்போது டார்க்கைக் குறைக்கும் ஏற்பாட்டில் கை வைக்கிறார்களா என்ற இரண்டையும் முதலில் கேளுங்கள். பின்னதில் கை வைப்பவரிடம் வண்டியை விட வேண்டாம். ஏற்கெனவே செய்துவிட்டீர்கள் என்றால், கியர்பாக்ஸ் ஆயிலில் ஒரு சொட்டை வெள்ளைத் துணியில் விட்டுப் பாருங்கள். புது ஆயில் சிவப்பாக இருந்த வண்டியில் அது பழுப்பேறி, கருகிய வாடையோடும் கரும்பொடியோடும் இருந்தால் பிளேட்டுகள் எரிகின்றன. இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்கு மாறும்போது ஆர்.பி.எம். முள் துள்ளி எழுந்து பிறகு இறங்கினாலும், 60 கிலோமீட்டர் சீரான வேகத்தில் வண்டி மெல்ல அதிர்ந்தாலும், மலைப்பாதையை உடனே நிறுத்திவிட்டு ஆட்டோமேட்டிக் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.