அண்ணனுக்கு எச்.எல்.ஏ.-பி27 இருந்தால் எனக்கும் முதுகெலும்பு இறுக்கவாதம் வருமா?

கோத்தகிரியில் இருக்கும் உங்கள் அண்ணனுக்கு, முதுகெலும்பு மூட்டுகள் அழற்சியுற்று இறுகும் இந்நோய் உறுதியாகி, எச்.எல்.ஏ. மரபணு வகைகளில் ஒன்றான பி27க்கான பரிசோதனையும் பாசிட்டிவ் என வந்ததால் அஞ்சுகிறீர்கள். உங்களுக்கும் வந்தே தீரும் என்பதில்லை.

6ஆம் குரோமோசோமில் உள்ள எச்.எல்.ஏ. மரபணுக்கள், புரதத் துணுக்குகளை உயிரணுவின் மேற்பரப்பில் ஏந்திக் காட்டும் மூலக்கூறுகளை உருவாக்குகின்றன. அவற்றைப் பார்த்தே நோயெதிர்ப்பு அணுக்களான டி செல்கள் தன்னுடையது எது, அந்நியமானது எது எனப் பிரித்தறிகின்றன. அம்மூலக்கூறில் துணுக்கு பொருந்தும் பள்ளத்தின் வடிவம் ஆளுக்கு ஆள் மாறுவதால், ஒரு கிருமியைத் திறமையாகக் காட்டிக்கொடுக்கும் வகையே வேறொரு நோய்க்கு வழிவிடவும் கூடும்.

பி27க்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பு 1973இல் வெளியானது. ஆயினும் பி27 உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு இந்நோய் வருவதே இல்லை. பிற மரபணுக்களும் சூழலும் சேர்ந்தே அதைத் தீர்மானிக்கின்றன.

நம் மலைப் பழங்குடியினரிடம் 1952இல் அறியப்பட்ட, இரத்தச் சிவப்பணுக்களை அரிவாள் வடிவமாக்கும் அரிவாள் செல் மரபணுவை வைத்து இதை அளக்க வேண்டாம். அது 11ஆம் குரோமோசோமில் உள்ள ஒற்றை மரபணுவின் மாற்றம். பெற்றோர் இருவரிடமிருந்தும் வந்தால் நோய் உண்டாகிறது. பி27 அப்படிப்பட்டதன்று.

காலையில் எழும்போது இடுப்பு இறுகி, நடமாடியபின் தளரும் வலி மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்தால், மலைக்குளிர் என்று ஒதுக்கிவிடாமல் மூட்டுவாத மருத்துவரைப் பாருங்கள்.