குழந்தை கேட்ட பெண்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வியட்நாமின் 'டொய் மொய்' பொருளாதாரச் சீர்திருத்தம் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். அமெரிக்காவுக்கு எதிரான போரில் ஆண்களுக்குச் சரிசமமாக நின்ற பெண்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே? சோஷலிச அரசு சட்டத்திலேயே சமத்துவம் கொடுத்துவிட்டதால் அவர்களுக்குச் சிக்கல் இருக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

க., தஞ்சாவூர்

அன்புள்ள க.,

அவர்களை விட்டது என் குறைதான். ஆனால் சட்டம் இருந்ததால் சிக்கல் இல்லை என்று சொல்ல முடியாது. கணவனும் மனைவியும் சமம் என்று வடக்கு வியட்நாம் 1959-லேயே சட்டம் போட்டுவிட்டது. சிக்கல் அதற்குப் பிறகும் இருந்தது.

பதினேழு, பதினெட்டு வயதில் இளைஞர் தொண்டர் படையில் சேர்ந்த பெண்கள் ஆயிரக்கணக்கில். வடக்கிலிருந்து தெற்குப் போர்முனைக்கு ஆளும் ஆயுதமும் போன காட்டு வழியை நாம் ஹோ சி மின் பாதை என்கிறோமே, அங்கே குண்டு விழுந்த பள்ளங்களை இரவோடிரவாக மூடி லாரிகளுக்கு வழிவிட்டவர்கள் அவர்கள். மலேரியாவில் முடி கொட்டி, உடம்பு உருகி, பலர் முப்பதை நெருங்கும்போதுதான் ஊர் திரும்பினார்கள். அவர்கள் வயது ஆண்கள் ஏராளமானோர் செத்திருந்தார்கள். மிஞ்சியவர்களுக்கு இளைய பெண்கள் கிடைத்தார்கள். அரசு வனப் பண்ணைகளில் வேலைக்கு அனுப்பப்பட்டவர்களுக்கோ சுற்றிலும் பெண்கள்தான்.

அவர்களில் சிலர் எடுத்த முடிவுக்கு வியட்நாமியர் வைத்த பெயர் 'சின் கொன்', அதாவது குழந்தை கேட்பது. கல்யாணம் வேண்டாம், ஒரு பிள்ளை போதும், வயதான காலத்தில் துணையாக இருக்கும். கேட்கப்பட்டவர் பெரும்பாலும் ஏற்கெனவே மணமானவர்; அவர் பெயரை வெளியே சொல்வதில்லை. கல்யாணமாகாமல் கருவுற்றவளுக்குத் தலையில் சுண்ணாம்பு பூசி அவமானப்படுத்திய வழக்கம் இருந்த நாடு அது. எவ்வளவு துணிச்சல் வேண்டும், யோசித்துப் பாருங்கள்!

1986 டிசம்பர் நடுவில் கம்யூனிஸ்ட் கட்சியின் ஆறாவது மாநாடு டொய் மொய்யை அறிவித்ததைத்தான் எல்லோரும் எழுதுகிறோம், நானும் அதைத்தான் எழுதினேன். அதே மாதம் 29-ஆம் தேதி புதிய திருமண, குடும்பச் சட்டமும் நிறைவேறியது. மண உறவுக்கு வெளியே பிறந்த பிள்ளைக்கும் சம உரிமை, தாயையும் சேயையும் காப்பது அரசின் பொறுப்பு என்றது அது. பெண்கள் சங்கம் இந்தத் தாய்மார்களுக்காகப் பேச அது பிடிமானமானது. ஆனால் அதற்குள் அந்தப் பிள்ளைகளில் பலர் நடக்கத் தொடங்கியிருந்தார்கள். பாதையை வெட்டியது அந்தப் பெண்கள். சட்டம் பின்னால் வந்தது.

அதன்பின் 1988-இல் கட்சியின் பத்தாம் தீர்மானம் கூட்டுறவு நிலத்தைக் குடும்பங்களின் பொறுப்பில் விட்டது. உழவுக்கு ஆள் உள்ள வீடுகள் நிமிர்ந்தன. கூட்டுறவு நடத்திய குழந்தைக் காப்பகங்கள் நலிந்தன. 'குடும்பமே உற்பத்தியின் அலகானது' என்று என் கட்டுரையில் மகிழ்ச்சியோடு எழுதியிருந்தேன். ஒரு தாயும் ஒரு பிள்ளையுமே குடும்பமாக இருந்த வீட்டில் ஏர் பிடிக்க யார் இருந்தார்கள் என்று அப்போது நான் கேட்டுக்கொள்ளவில்லை. அந்தப் பத்தியைத் திருத்தி எழுதுகிறேன்.