கல்லிடைக்குறிச்சி வீடும் அம்மாவும்

அண்ணாச்சி, வீட்டை விற்றுவிட்டு அம்மாவைச் சென்னைக்குக் கூட்டிப்போகப் பார்க்கிறீர்கள். அவர் நகர மாட்டேன் என்கிறார், தங்கைக்கும் விற்க மனமில்லை என்று எழுதியிருந்தீர்கள். முதலில் சட்டம். அது அப்பாவின் சொந்தச் சம்பாத்தியம், உயிலும் இல்லை என்றால், 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, நீங்கள், தங்கை மூவருக்கும் சமபங்கு. (அப்பா இறந்தபோது அவருடைய அம்மா உயிரோடு இருந்திருந்தால் அவருக்கும்.) எல்லோரும் கையெழுத்துப் போடாமல் முழு வீட்டையும் விற்க முடியாது. விற்காவிட்டாலும் வாரிசுச் சான்றிதழ் வாங்கிப் பட்டாவை மாற்றி வையுங்கள்.

உங்களுக்கு அது மழைக்கு ஒழுகும் ஓட்டு வீடு. அம்மாவுக்கு அப்படி இல்லை. என் அம்மாவையும் தாம்பரத்துக்குக் கூட்டி வந்தேன், மூன்றாவது மாடி. தாமிரபரணித் தண்ணீரில் உலை வைத்த கை, கேன் தண்ணீரைப் பார்த்தாலே முகம் சுளிப்பார். "என்ன மைனி, காப்பி குடிச்சாச்சா?" என்று வாசலில் கேட்க ஆளில்லை. நாற்பதே நாள், நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறிவிட்டார். எனக்குக் கோபம்தான், பொய் சொல்வானேன்.

விற்பதைத் தள்ளிப்போடுங்கள். ஒரு மாதம் மட்டும் வந்து இருக்கச் சொல்லுங்கள், சாவி அவரிடமே இருக்கட்டும். அப்புறம், குளியலறையில் ஒரு கைப்பிடி போடுங்கள். அதுதான் இப்போது அவசரம்.