டின்னர் முடிச்சுட்டு ஜிம்முக்குப் போகலாமா?

வேளச்சேரியிலேர்ந்து ஒரு வாசகர் கேட்டிருக்கார்: "கிண்டியில ஆபீஸ். வீட்டுக்கு வர எட்டு மணி ஆயிடுது, பசி தாங்காம சாப்ட்டுட்டு ஒம்பது மணிக்கு ஜிம்முக்குப் போறேன். ட்ரெட்மில்ல ஓட ஆரம்பிச்சதும் விலாப்பக்கம் சுருக்குன்னு பிடிக்குது, புளிச்ச ஏப்பம் வேற. எவ்ளோ நேரம் கேப் விடணும்? அப்பாவுக்கு 68 வயசு, சுகருக்கு மாத்திரை போடறார், அவர் சாப்ட்டதும் நடக்கணும்ங்கறார், அம்மா நடக்கவே கூடாதுங்கறாங்க."

உங்களுக்கும் அப்பாவுக்கும் ஒரே பதில் கிடையாதுங்க. நீங்க கேக்கறது ஓட்டம், அவர் கேக்கறது நடை.

சாப்ட்டதும் செரிமானத்துக்காக வயிறு, குடல் பக்கம் ரத்தம் நிறைய போகும், அந்த நேரத்துல நீங்க வேகமா ஓடுனா காலுக்கும் ரத்தம் வேணும், அதனால வயித்துக்குப் போறது குறைஞ்சு செரிமானம் மந்தமாயிடும், மேல நிறைஞ்ச வயிறு குலுங்கும்போது ஆசிட் நெஞ்சுக்கு ஏறி வரும், அதுதான் அந்தப் புளிச்ச ஏப்பம். குனிஞ்சு எந்திரிக்கற எக்ஸர்சைஸ், கிரஞ்சஸ் எல்லாம் இத இன்னும் மோசமாக்கும். ரெண்டு இட்லின்னா ஒண்ணரை, ரெண்டு மணி நேரம் விட்டா போதும். முழுச் சாப்பாடுன்னா மூணு மணி நேரமாவது ஆகும். பரோட்டா சால்னா மாதிரி எண்ணெய் அதிகமுள்ளதுன்னா இன்னும் லேட்டாகும், ஏன்னா கொழுப்பு வயித்துலேர்ந்து மெதுவாத்தான் இறங்கும்.

எட்டரைக்கு சாப்ட்டு மூணு மணி நேரம் கேப் விட்டா நடுராத்திரி ஆயிடும், தூக்கம் போயிடும். அதனால கேப்ப கணக்கு பண்றத விட சாப்பாட்ட ரெண்டா பிரிச்சுடுங்க. ஆறரை மணிக்கு ஆபீஸ்லயே ஒரு வாழைப்பழமோ ஒரு கப் சுண்டலோ, வீட்டுக்கு வந்ததும் நேரா ஜிம், திரும்பி வந்து ஒம்பதேகாலுக்கு ரெண்டு மூணு இட்லி இல்ல சப்பாத்தி. அப்புறம் உடனே படுக்காம ஒரு பத்து நிமிஷம் மெதுவா நடந்தா நல்லது. பசியோட வீட்டுக்குள்ள நுழையறதுதான் உங்க பிரச்சனையே, அத ஆறரை மணி சுண்டல் தீர்த்துடும்.

அப்பா விஷயத்துல அவர் சொல்றதுதான் சரி. சாப்ட்டு ஒரு மணி, ஒண்ணரை மணி நேரத்துல ரத்தத்துல சுகர் உச்சத்துக்குப் போகும், அதுக்குள்ள கால் தசை வேலை செஞ்சா இன்சுலின் சரியா வேலை செய்யாதவங்களுக்கும் தசை நேரா சுகர உள்ள இழுத்துக்கும். சாப்ட்ட அரை மணிக்குள்ள பத்து, பதினஞ்சு நிமிஷம், மூச்சு வாங்காம பேசிக்கிட்டே நடக்கற வேகம், அவ்ளோதான். தோண்டிப் போட்ட ரோட்லயும் நாய்க்கு நடுவுலயும் ராத்திரி நடக்கணும்னு இல்ல, மொட்டை மாடியோ ஃப்ளாட் காரிடாரோ போதும். அம்மாகிட்ட பக்குவமா சொல்லுங்க, அவங்க பயப்படறது வேகமான நடைக்குப் பொருந்தும், இதுக்கு இல்ல.

ஆனா அவர் என்ன மாத்திரை போடறார்னு பாருங்க. மெட்ஃபார்மின் மட்டும்னா நடந்ததால லோ சுகர் ஆகறது அபூர்வம். கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையோ இன்சுலினோ இருந்தா சுகர் இறங்க வாய்ப்பு இருக்கு, டாக்டர்கிட்ட சொல்லிட்டு ஆரம்பிங்க, பாக்கெட்ல க்ளுக்கோஸ் இருக்கட்டும். கை நடுக்கம், திடீர் வேர்வை, படபடப்பு வந்தா மூணு டீஸ்பூன் சர்க்கரைய தண்ணில கரைச்சு குடிக்கணும், பதினஞ்சு நிமிஷம் கழிச்சு திரும்ப சுகர் செக் பண்ணணும். வயசானவங்க சிலருக்கு சாப்ட்டதும் பிபி இறங்கி தல சுத்தும், அதனால சடார்னு எந்திரிக்க வேணாம்.

இன்னொண்ணு ரொம்ப முக்கியம். சாப்ட்டு நடக்கும்போது நெஞ்சுல பாரமோ, இடது கை, தாடையில வலியோ வந்து, நின்னா குறைஞ்சா அத கேஸ்னு நெனச்சு சோடா குடிச்சு விட்டுடாதீங்க, இதய ரத்தக்குழாய் அடைப்பு அப்படித்தான் காட்டும். அன்னிக்கே நடைய நிறுத்திட்டு டாக்டர்கிட்ட போகணும், உக்காந்தும் வலி குறையலன்னா யோசிக்காம 108க்கு போன் பண்ணுங்க.