வம்பு வழக்குக்கு அபராதம் எவ்வளவு?

கேள்வி: வீம்புக்கு சிவில் வழக்கு போட்டு இழுத்தடிப்பவர்களுக்குத் தண்டனையே கிடையாதா? (திண்டுக்கல் வாசகர்)

பதில்: இருக்கிறது, கேட்டால் சிரிப்பீர்கள். உரிமையியல் நடைமுறைச் சட்டம் 35ஏ பிரிவின்படி, பொய் வழக்கு, வம்பு வழக்கு என்று தெரிந்தால் எதிராளிக்கு இழப்பீடு தரச் சொல்லலாம். உச்சவரம்பு 3,000 ரூபாய் (வணிக வழக்குகளுக்கு மட்டும் இந்த வரம்பு இல்லை). வருஷக்கணக்கில் வாய்தாவுக்கு அலைந்தவருக்கு அது பஸ் செலவுக்காவது காணுமா? நீதிபதி, குமாஸ்தா, அமீனா சம்பளமெல்லாம் நம் வரிப்பணம், அது போனது போனதுதான், அப்புறம் அதே கோர்ட்டில் காத்துக்கிடக்கும் விபத்து இழப்பீட்டு வழக்கும் பின்னுக்குப் போகும். வம்பு வழக்குப் போடுவதையே தொழிலாக வைத்திருப்பவர்களுக்கென்று சென்னை மாகாணத்தில் 1949-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது: அட்வகேட் ஜெனரல் (மாநில அரசின் தலைமை வழக்கறிஞர்) மனுப் போட்டு உயர் நீதிமன்றம் ஒத்துக்கொண்டால், அந்த ஆள் கோர்ட் அனுமதி வாங்காமல் புது வழக்கு போட முடியாது. நல்ல சட்டம்தான், எடுத்துப் பயன்படுத்துவதுதான் அபூர்வம்.