ஸ்காட்லாந்து - பிரான்ஸ் பழைய கூட்டணி உண்மையான நட்பா, பெயரளவுக்கு மட்டும்தானா?

நீங்கள் ஸ்காட்லாந்துத் தலைநகர் எடின்பரோவுக்குப் படிக்கப் போனவர், அங்கே யாரோ பெருமையடித்ததைக் கேட்டுவிட்டு வந்து கேட்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். நான் வரலாற்றுப் பேராசிரியன் இல்லை. அந்த ஊரில் ஆறு ஆண்டுகள் கணக்கு எழுதிப் பிழைத்தவன். பிறந்தது புதுச்சேரி. இந்தக் கேள்வியைப் பார்த்ததும் கை சும்மா இருக்காததற்குக் காரணம் அதுதான்.

எங்கள் கீழ்வீட்டில் ஓய்வுபெற்ற ஸ்காட்லாந்துக்காரர் ஒருவர் இருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட அழைத்தார். நீள்வட்டத் தட்டு ஒன்றில் முழு ஆட்டுத்தொடை. அந்தத் தட்டை 'அஷெட்' என்றார், தொடையை 'ஜிகட்' என்றார். பள்ளியில் பிரெஞ்சு படித்தவன் நான். அசியெத், ஜிகோ என்று காதில் விழுந்தது. "இரண்டும் பிரெஞ்சுச் சொற்கள் ஆயிற்றே" என்று சொல்லித் தொலைத்தேன். மனிதர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு 1295-இல் இருந்து ஆரம்பித்துவிட்டார்.

அந்த ஆண்டுதான் ஸ்காட்லாந்து மன்னர் ஜான் பேலியல் தரப்பும் பிரான்சின் நான்காம் பிலிப்பும் பாரிசில் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். இங்கிலாந்து ஒருவர்மேல் பாய்ந்தால் மற்றவர் பின்னாலிருந்து இடிக்க வேண்டும் என்பது சாரம். 1421-இல் பிரான்சில் போஜே என்ற இடத்தில் ஸ்காட்லாந்துப் படை இங்கிலாந்து மன்னரின் தம்பியையே வீழ்த்தியது. படையை நடத்திய பக்கன் பிரபு பிரான்சின் தலைமைத் தளபதியானார். பிரெஞ்சு மன்னர்களுக்கு மெய்க்காவலே ஸ்காட்லாந்துக்காரர்கள்தான். சொல்லச் சொல்ல அவர் முகம் சிவந்தது. பாதி பெருமை, பாதி பொர்தோ ஒயின். கடைசியில், "1558-இல் எங்கள் ராணி மேரி பிரெஞ்சு இளவரசரை மணந்தபோது எங்கள் எல்லோருக்கும் பிரெஞ்சுக் குடியுரிமை கொடுத்தார்கள், 1903-இல்தான் அதை எடுத்தார்கள்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. 16 ஆகஸ்ட் 1962-இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவுடன் சேர்ந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுவோர் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். சின்னத் தாத்தா கொடுத்தார். எங்கள் தாத்தா கொடுக்கவில்லை. "சொந்த ஊரில் இருக்க எவனிடம் எழுதிக் கொடுப்பது?" என்றாராம். சின்னத் தாத்தாவின் பேரப்பிள்ளைகள் பாரிசில். நாங்கள் விசா வரிசையில். தாத்தாமேல் எனக்குக் கோபம் இல்லை. சரி, கொஞ்சம் இருக்கிறது.

அந்த எரிச்சலில் கேட்டுவிட்டேன்: "1296-இல் இங்கிலாந்து மன்னர் எட்வர்ட் உங்கள் பெரிக் நகரைச் சூறையாடியபோது உங்கள் நண்பர்கள் எங்கே போயிருந்தார்கள்?" ஒப்பந்தம் போட்டு ஓர் ஆண்டு முடிவதற்குள் பேலியல் முடியிழந்தார். பிரெஞ்சுப் படை எட்டிப் பார்க்கவில்லை. 1303-இல் அதே பிலிப் ஸ்காட்லாந்தைக் கழற்றிவிட்டு இங்கிலாந்துடன் சமாதானம் செய்துகொண்டார். 1346-இல் பிரான்ஸ் கேட்டுக்கொண்டதற்காக இங்கிலாந்துக்குள் புகுந்த ஸ்காட்லாந்து மன்னர் இரண்டாம் டேவிட், டர்ஹம் அருகே பிடிபட்டு 11 ஆண்டுகள் சிறையில் கிடந்தார். மீட்புப் பணம் அந்தக் காலக் கணக்கில் 1,00,000 மார்க். போஜேயில் வென்ற அதே பக்கன் மூன்றே ஆண்டில் வெர்னேயில் நடந்த சண்டையில் தன் படையோடு மாண்டார். 1513-இல் பிரான்சுக்காக எல்லை தாண்டிய ஸ்காட்லாந்து மன்னர் நான்காம் ஜேம்ஸ் ஃப்ளாடன் களத்திலிருந்து திரும்பவே இல்லை.

அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, "டேவிட் சிறுவனாக நாட்டை விட்டு ஓடியபோது ஏழு ஆண்டுகள் நார்மண்டியில் கோட்டை கொடுத்து வைத்துக்கொண்டது யார்?" என்றார். என்னிடம் பதில் இல்லை. இன்னொரு துண்டு அறுத்து என் தட்டில் வைத்தார்.

1385-இல் பிரெஞ்சுப் படை ஸ்காட்லாந்துக்கே வந்ததே என்று கீழே கருத்துப் பகுதியில் யாராவது சண்டைக்கு வருவீர்கள். வந்தது, மறுக்கவில்லை. வந்தவர்களோடு ஊர்க்காரர்கள் சண்டை போட்டார்கள். பயிர் அழிந்ததற்கும் மற்ற சேதத்துக்கும் பணம் வரும்வரை படைத்தலைவரை ஊர் திரும்ப விடவில்லை. என் கணக்கில் இது நட்பு இல்லை, பொதுப் பகையாளி இருந்தவரை ஓடிய ஏற்பாடு. ரத்தம் அதிகம் சிந்தியது ஸ்காட்லாந்து. 1560-இல் ஸ்காட்லாந்தின் புராட்டஸ்டண்ட் பிரபுக்களே இங்கிலாந்தின் துணையோடு பிரெஞ்சுப் படையை வெளியேற்றியதும் கதை முடிந்தது. பிரெஞ்சுக்காரர்மேல் எனக்கு வன்மம் என்று நினைக்க வேண்டாம்; என் உறவினர்களில் பாதிப் பேர் பிரெஞ்சுக்காரர்கள்.

ஆனால் விசா மையத்தை மன்னிக்க மாட்டேன். சின்னத் தாத்தாவின் பேத்திக்குக் கல்யாணம். எடின்பரோவிலிருந்து பாரிஸ் இரண்டு மணி நேரப் பறப்பு. தங்கப்போவது மணப்பெண் வீட்டில் என்றாலும் ஹோட்டல் முன்பதிவு காட்டு என்றார்கள். பிரான்சோடு என்ன தொடர்பு என்று கேட்ட பெண்ணிடம், பிரெஞ்சில் எழுதி முத்திரை குத்திய தாத்தாவின் பிறப்புச் சான்றை நீட்டினேன். திருப்பிப் பார்த்துவிட்டு, நகல் இரண்டு வேண்டும் என்றார்.

கல்யாணம் முடிந்த நான்காம் நாள் பாஸ்போர்ட் தபாலில் வந்தது. விசா குத்தியிருந்தார்கள்.